முதன்மை விண்ணப்பதாரர்

"அவளுக்குக் காய்ச்சல். இந்த வாரமும் வகுப்புக்கு வர மாட்டா" என்று டிரைவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, காய்ச்சல்காரி தலை சீவி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. குடியேற்ற உதவி அலுவலகம் நடத்தும் அந்த வகுப்புக்கு மனைவியைத் தனியாக அனுப்பவும் பயம். டிரைவரும் சட்டையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

டிரைவர் என்பது பழைய பெயர். ஊரில் லாரி ஓட்டியவர், இங்கே ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறார். தெரிந்தவர்கள் இன்னமும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் திருத்தவில்லை.

அவர் திருத்தாமல் விட்டது இன்னொன்றும் இருந்தது. உண்மையில் அவர்களுக்கு இந்த நாட்டில் இடம் கிடைத்தது மனைவியால்தான்.

ஊரில் அவள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்தவள். பார்க்கக் கூடாததைப் பார்த்தாள், பார்த்ததை ஒளிக்காமல் கோர்ட்டில் சொன்னாள். உயிருக்கு ஆபத்து வந்தது அவளுக்கு. கட்டிக்கொண்ட பாவத்துக்கு இவரும் சேர்ந்து ஓடிவந்தார்.

அகதி முகாமில் விசாரணை நடந்தபோது அவளைத் தனியே உட்காரவைத்து மதியம்வரை கேட்டார்கள். இவரிடம் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். லாரிக்காரராக அங்கே இங்கே பொறுக்கிய அரைகுறை இங்கிலீஷில், தன் அட்டையில், அவளைச் சார்ந்து வந்தவர் என்ற பொருளில் இருந்த 'டிபெண்டன்ட்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

இங்கே வந்த புதிதில், எப்படி இடம் கிடைத்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "என் கேஸ்லதான் எடுத்தாங்க. இவ என்னோட டிபெண்டன்ட்" என்று டிரைவர் வாயிலிருந்து வந்துவிட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, இவரால்தான் வந்தோம் என்று அவளும் ஒத்து ஊதினாள். இங்கிலீஷ் தெரியாதவள், நம்பிவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். ஒருநாள் சண்டையில், "நான் ஒரு வார்த்தை சொன்னா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க, தெரியும்ல?" என்று மிரட்டினார். அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். நல்ல மருந்து கிடைத்தது என்று, பேச்சு முற்றும்போதெல்லாம் அவர் அதையே எடுத்தார்.

இன்றைக்குப் பாடமே குடியேற்றக் கோப்புகளில் வரும் அந்த மாதிரிச் சொற்கள்தான்.

நூலகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. உள்ளே வந்ததும் சத்தம் கேட்காமலிருக்க டீச்சர் கதவைச் சாத்தினார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மனைவி. நடுவில் மடக்கு நாற்காலியில் டிரைவர் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சர் ஒவ்வொரு சொல்லாகப் பலகையில் எழுதினார். தஞ்சம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் ஒரு வகை, அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர் இன்னொரு வகை என்றார். ஸ்பான்சர் என்றால் வருகிறவரின் செலவுக்குப் பொறுப்பேற்பவர் என்றதும், முன்வரிசையில் ஒரு பெண், தன் வீட்டில் அது மாமியார்தான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே போகலாமென்றால் மனைவியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்து அது வந்தேவிட்டது. "பிரின்சிபல் அப்ளிகன்ட். முதன்மை விண்ணப்பதாரர். யார் பேர்ல கேஸ் நடந்துச்சோ, அவங்க. அவங்களைச் சார்ந்து வந்தவங்க டிபெண்டன்ட்" என்ற டீச்சர், முதன்மை விண்ணப்பதாரர்கள் கையைத் தூக்கும்படி சொன்னார்.

அங்கங்கே கைகள் எழுந்தன. டிரைவரின் கை மடியிலேயே ஒட்டிக்கொண்டது. மனைவி முழங்கையால் அவரை மெல்ல இடித்தாள்.

"தூக்குங்க" என்றாள் தணிந்த குரலில்.

பாவி, இன்னும் என்னை நம்புகிறாளே என்று நினைத்துக்கொண்டார். தோளுயரம்கூட வராமல் கையைத் தூக்கினார். அவர்களுடைய கோப்பைப் பார்த்துக்கொள்பவரே அந்த டீச்சர்தான். அவர் டிரைவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பலகையை அழித்தார்.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது டீச்சர் மனைவியை நிறுத்தினார். நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பிக்கும் நேரம் நெருங்கிவிட்டது, அடுத்த வாரம் அவள் வந்து பேச வேண்டும், கணவர் வர வேண்டிய அவசியமில்லை என்றார். மனைவி சரி என்று தலையாட்டினாள்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். டீச்சர் சொல்லி அவளுக்குத் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. நிறுத்தத்தில் வேறு யாருமில்லை.

அவள் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். கேஸ் அவளுடையது, அவர் வெறுமனே ஒட்டிக்கொண்டு வந்தவர். அவளை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது, அவர் மிரட்டியதெல்லாம் வெறும் புளுகு. சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"நீ நினைச்சா இப்பவே என்னை வேண்டாம்னு சொல்லிடலாம். அந்தப் பயத்துலதான் உன்னை வகுப்புக்கு விடல" என்றார்.

மனைவி பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். கோபமோ ஆச்சரியமோ அந்த முகத்தில் இல்லை.

"உங்களையும் சேர்த்துக்கலாமான்னு முகாம்ல என்கிட்டதானே கேட்டாங்க."