அழுங்குக்குப் பல் கிடையாது

"அதைக் கொல்லப் போறீங்களா, இல்லையா?"

கல்லறைத் தோட்டக் காவல்காரர் பிச்சைமுத்து குனிந்தே இருந்தார். காலடியில் கிடந்த சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே என்னவோ பந்து மாதிரி சுருண்டு கிடந்தது.

கேட்டவள் சவுந்தரம். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அன்றைக்கு அவல் கிடைத்திருந்தது.

பக்கத்து வீட்டு ஜூலியானாவின் ஐந்து மாதக் குழந்தையைப் புதைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அந்த மேட்டை ஒட்டி இன்று காலை ஒரு வளை. அந்த வழியாகப் போன சவுந்தரம் பார்த்த கையோடு ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட்டாள்.

"அழுங்கு வந்திருக்குடி! பிணந்தின்னி! பச்சப் புள்ளைன்னா அதுக்கு உசிரு!"

பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது? நரம்பில்லாத நாக்கு, என்னத்தைச் சொல்ல!

ஜூலியானா தலைகூட வாராமல் ரிக்‌ஷா பிடித்து வந்துவிட்டாள். புருஷன் ரேமண்ட் துறைமுகத்தில் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். தடுக்க ஆளில்லை.

"அண்ணே, குழியைத் தோண்டுங்க. எம் புள்ள உள்ள இருக்கானான்னு நான் பாக்கணும்."

"தோண்ட மாட்டேன்."

"அப்ப அந்தப் பிராணியையாவது கொல்லுங்க!" என்றாள் சவுந்தரம்.

"அதையும் செய்ய மாட்டேன்."

"பாத்தியாடி, கல்நெஞ்சக்காரரு! சீனன் மருந்துக்கடையில விக்கத்தான் கட்டி வெச்சிருக்காரு."

பிச்சைமுத்து நிமிர்ந்தார். "சவுந்தரம், உம் மகன் இடுப்புல அர்ணாக்கயித்துல ஒண்ணு கோத்துக் கட்டியிருக்கியே, அது என்ன?"

"அது... புள்ள ராத்திரியில பயந்துக்காம இருக்க. அழுங்கு ஓடு."

"பிணந்தின்னியோட ஓட்டையா பெத்த புள்ளைக்குக் கட்டியிருக்க?"

சவுந்தரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அது வேற, இது வேற லா!"

ஜூலியானா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மண்டியிட்டு, மேட்டு மண்ணைக் கையாலேயே பறிக்க ஆரம்பித்தாள்.

பிச்சைமுத்து பதறிப்போய்க் குறுக்கே உட்கார்ந்தார். "தங்கச்சி, ஒரு நிமிஷம் பொறு. முதல்ல இதைப் பாரு."

சாக்கை அவிழ்த்தார். செதில் செதிலாக ஒரு பந்து புல்லில் உருண்டது. பக்கத்தில் கரையான் புற்றுக் கட்டி ஒன்றை உடைத்துப் போட்டார்.

"யாரும் பேசப்படாது" என்றார், சவுந்தரத்தைப் பார்த்து.

வெகு நேரம் கழித்துப் பந்து அவிழ்ந்தது. கூர் மூக்கு வெளியே வந்தது. பிறகு நாக்கு வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். கரையானை ஒற்றி ஒற்றி எடுத்து விழுங்கியது.

பிச்சைமுத்து அதை மெல்லப் பிடித்து, சுண்டுவிரலை அதன் வாய்க்குள் விட்டார்.

"ஐயோ, மாதாவே!" என்று அலறினாள் சவுந்தரம்.

விரல் முழுசாக வெளியே வந்தது. "இப்ப நீ விட்டுப் பாரு, தங்கச்சி."

ஜூலியானா விரலை வைத்தாள். வழவழவென்று வெறும் ஈறு. பல் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை.

"இதால ஒரு வாழைப்பழத்தக்கூடக் கடிக்க முடியாதும்மா. எறும்பும் கரையானும்தான் இதுக்குச் சாப்பாடு, எறும்புத்தின்னின்னு இன்னொரு பேரே உண்டு. இங்க கரையான் இருக்கு, அதத் தேடி வந்து படுத்திருச்சு. யாரும் அடிச்சுக் கொன்னுடக் கூடாதுன்னு வளைக்குள்ள கைய விட்டுத்தான் பிடிச்சேன். ரெண்டு முழம்கூட இல்ல. உம் புள்ள கிடக்கிற ஆழத்துக்கு அது போகவே இல்ல."

ஜூலியானாவின் அழுகை கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் பெற்ற மனம் கேட்குமா?

"சரிண்ணே, இதுக்குப் பல்லில்ல. வேற ஏதாச்சும் வந்திருந்தா? ஒரே ஒரு தடவ பாத்துட்டா என் மனசு ஆறிடும்."

"ஆறாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிச்சைமுத்து அழுங்கைக் கீழே விட்டார். அது அசைந்து அசைந்து லாலான் புல்லுக்குள் போய் மறைந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"எம் மக அந்த வேலியோரம் இருக்கா. இதே பேச்ச நம்பி, ஒம்பதாம் நாள் நானே தோண்டிப் பாத்தேன். நான் சுத்தின துணிகூடக் கலையல. ஆனா அன்னிக்குப் பாத்த முகம்தான் இன்னிவரைக்கும் கண்ணுல நிக்குது. அவ சிரிச்ச முகம் ஞாபகத்துக்கே வர மாட்டேங்குது. உனக்கு அது வேணாம் தங்கச்சி. உம் புள்ள சிரிச்ச முகம் உங்கிட்டயே இருக்கட்டும்."

ஜூலியானா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, பறித்த மண்ணை அள்ளித் திரும்பப் போட்டாள். சவுந்தரமும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிப் போட்டாள்.

மேட்டைத் தட்டி முடித்ததும் சவுந்தரம்தான் மெல்லக் கேட்டாள். "அதுக்கப்புறமுமா இந்தக் கல்லறையிலயே வேல பாக்குறீங்க, அண்ணே?"

"அதுக்கப்புறம்தான் கேட்டு வாங்கினேன், சவுந்தரம். இவளோட சேத்து அஞ்சு தாய்மாரத் தோண்ட விடாம வீட்டுக்கு அனுப்பிட்டேன்."