தள்ளிவிட்ட படங்கள்

ரயில் போகும்போதெல்லாம் வெள்ளவத்தைக் கடற்கரையோரத்து இந்த மாடிவீட்டின் யன்னல் அதிர்கிறது. விளம்பரக் கம்பனிக்குப் படம் வரைகிற உஷாந்தியின் கைபேசியும் விடாமல் அதிர்கிறது. சிரிக்கிற பிஸ்கட்டின் படம் ஒன்று மத்தியானத்துக்குள் வேண்டுமாம். அவளோ பக்கத்து வீட்டுக் குணநாயகத்தின் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, அவர் கேட்பது என்னவென்று அறியத் தேநீர்க் கோப்பை வரைகிறாள். பாரிசவாதத்தில் பேச்சிழந்த மனிதர் இடது கையால் அதையும் தள்ளிவிடுகிறார். தலையணை, மின்விசிறி, கழிப்பறை என்று வரைந்தவையெல்லாம் ஏற்கெனவே நிலத்தில் கிடக்கின்றன. “இஞ்சாருங்கோ, என்னதான் வேணும் உங்களுக்கு?” கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நிற்கிற அவர் மனைவி பத்மாவதிக்குக் குரல் உடைகிறது. “கொஞ்சம் பொறுங்கோ அன்ரி.” பென்சில் முனை ஒடிகிறது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு, கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள் உஷாந்தி. அப்போதுதான் கவனிக்கிறாள்: அவருடைய கண் தாளில் இல்லை, விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் பத்மாவதியின் வீங்கிய கால்களில் இருக்கிறது. அவசரமாக ஒரு கதிரையை வரைந்து, அதில் கொண்டை போட்ட ஒரு பெண்ணை இருத்துகிறாள். குணநாயகத்தின் விரல் படத்தின் மேல் விழுந்து அங்கேயே நிற்கிறது. “இது நானெல்லோ பிள்ளை?” குனிந்து பார்த்த பத்மாவதி கதிரையை இழுத்து மெல்ல இருக்கிறாள். கவிழ்ந்த கைபேசி அதிர்ந்துகொண்டே இருக்க, காலையிலிருந்து அலைந்த குணநாயகத்தின் இடது கை அடங்குகிறது.