வாடகைக்கு இருந்தவர்

"'எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாது'ன்னு ரெண்டு வரி எழுதி, கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதாங்க வேணும்."

லைல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். இந்த வீட்டு பேஸ்மென்ட் அறையில் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்த மனிதர், இன்றைக்குச் சமையலறை நாற்காலி நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். போன அக்டோபரில்தான் கனடாவின் இந்த யார்க்டன் ஊரிலேயே இன்னொரு கோடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஐம்பத்தாறு வயதில் முதல் வீடு.

வீட்டுக்காரி ஒரீசியா அடுப்பில் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளைத் திருப்பிப் போட்டார். கணவர் இறந்து பத்து வருஷமாகத் தனியாக இருப்பவர்.

"யாருக்கு எழுதணும்?"

"வரி ஆபீசுக்குத்தான். முதல் வீடு வாங்கினா ஆயிரத்தைந்நூறு டாலர் சலுகை உண்டுல்ல? கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. 'நீங்க ஏற்கெனவே உங்க மனைவியோட சொந்த வீட்டுலதானே குடியிருந்தீங்க, இது எப்படி முதல் வீடாகும்'கிறாங்க."

"எந்த மனைவி?"

"நீங்கதான்."

கரண்டியிலிருந்த பெரோகி நழுவி எண்ணெயில் விழுந்தது.

"நமக்குக் கல்யாணமே ஆகலையே?"

"ஆக வேண்டாமாம். ஒரே வீட்டுல ஒரு வருஷம் சேர்ந்து குடித்தனம் பண்ணினா, அவங்க கணக்குல புருஷன் பொண்டாட்டிதான். யாரோ நல்லாக் கொளுத்திப் போட்டிருக்காங்க. எனக்குப் பக்கத்து வீட்டு டோரீன் மேலதான் சந்தேகம்."

"டோரீனை விடுங்க. அவளுக்குத் தன் புருஷன் எங்க போறான்னே தெரியாது. உங்களையா கவனிக்கப் போறா?"

லைலுக்குச் சிரிப்பு வரவில்லை. "புது வீட்டுல ஹீட்டர் செத்துப்போச்சுங்க. இந்தச் சலுகையை நம்பித்தான் புதுசுக்குச் சொல்லியிருக்கேன். பனி விழறதுக்குள்ள மாட்டலைன்னா விறைச்சுப்போயிடுவேன். ஆட்சேபணை மனு வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும். இந்தக் கேள்வித்தாளையும் நீங்கதான் நிரப்பித் தரணும்."

ஒரீசியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'இருவரும் சேர்ந்து சாப்பிடுவீர்களா?'"

"இல்லைன்னு போடுங்க. ஃப்ரிட்ஜுல எனக்குன்னு தனித் தட்டு இருந்துச்சே."

"அந்தத் தட்டுல ஆறு வருஷமா ஒரு கடுகு சாஸ் பாட்டில்தான் இருந்துச்சு. நீங்க சாப்பிட்டதெல்லாம் என் தட்டுலேர்ந்து."

"சரி, எப்பவாவதுன்னு போடுங்க."

"'ஒருவருக்கு உடல்நலம் குன்றியபோது மற்றவர் கவனித்துக்கொண்டாரா?'"

லைல் கூரையைப் பார்த்தார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்தபோது, ஆஸ்பத்திரியின் மர நாற்காலியில் நான்கு நாள் நகராமல் உட்கார்ந்திருந்தது இந்த ஒரீசியாதான்.

"அதை எழுதாம விட்டுடலாமா?"

"'வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்டீர்களா?' வாசல்ல பனி தள்ளினது யாரு?"

"நான்தான்."

"அதுக்கு வாடகையில கழிச்சுக்கிட்டீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குத் தள்ளினீங்க?"

"உங்க முட்டி வலிக்குமேன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். இன்னும் நாலு கேள்வி போனால் தன் வழக்கைத் தானே தோற்றுவிடுவோம் என்று பயமாகிவிட்டது.

"ஒரீசியா, இதெல்லாம் ஒரே வீட்டுல இருக்கறவங்க செய்யறதுதானே? நிஜமாவே நமக்குள்ள ஒண்ணும் இல்லைதானே?"

எந்தப் பதிலை எதிர்பார்த்து அப்படிக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இல்லைதான்" என்றார் ஒரீசியா. அடுப்பை அணைத்தார். ஒரு தாளை எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். 'லைல் பெர்க்ஸ்ட்ராம் என் வீட்டில் வாடகைக்கு இருந்தவர். எங்களுக்குள் வேறு எந்த உறவும் இருந்ததில்லை.' கையெழுத்தும் போட்டார்.

லைல் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ முடியவில்லை. இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாரே என்று மனசுக்குச் சங்கடமாக இருந்தது. அதை மறைக்கச் சத்தமாகப் பேசினார்.

"ரொம்ப நன்றிங்க. கொளுத்திப் போட்டது யாருன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கு!"

"இருங்க. இதை மட்டும் அனுப்பினா அவங்க நம்ப மாட்டாங்க."

ஒரீசியா உள்ளே போய், கொஞ்சம் பழுப்பேறிய ஒரு உறையோடு வந்தார். "இதையும் சேர்த்து அனுப்புங்க. நீங்க காலி பண்ணிப் போன அன்னிக்கே எழுதினது. தபால்ல போடத்தான் மனசு வரலை."

"என்ன இது?"

"என் வரிக் கணக்கைத் திருத்தச் சொல்லி மனு. நீங்க இங்க இருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து."

லைல் பிரித்துப் படித்தார். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரே திருத்தம்தான். சரியான விவரம்: விதவை. முன்பு தவறாகக் குறிப்பிட்டது: துணைவருடன் வாழ்கிறேன், துணைவர் பெயர், லைல் பெர்க்ஸ்ட்ராம்.

தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். "துணைவர் இருக்கார்னு எழுதினா, விதவைன்னு உங்களுக்கு வர்ற உதவித்தொகை நின்னுபோயிருக்குமே?"

"நின்னுச்சு." ஒரீசியா இரண்டு தட்டுகளைத் துடைத்து மேஜையில் வைத்தார். "ஏதாவது ஒரு காகிதத்துலயாவது இருக்கட்டுமேன்னு எழுதினேன். அதையெல்லாம் யாரு உட்கார்ந்து படிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்."