இல்லை என்போர்

சட்டசபையில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ரெஜினாவைத் தேடி, முப்பது வருடம் கழித்து அங்கமுத்து வந்திருந்தார். ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அவள் பழைய குறிப்பேட்டைப் பிரித்ததும், பெரிய மின்விசிறிகளின் முனகலும் மேசை தட்டும் ஓசையும் சீவிய பென்சிலின் மணமும் வீட்டுக்குள் வந்து நிறைந்தன.

"எங்க ஏரியை எடுத்துக்கிட்ட சட்டம்மா. குரல் ஓட்டுல நான் ஒருத்தன்தான் 'இல்லை'ன்னேன். ஊர்ல ஒருத்தரும் நம்பல. உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

அவள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். அவர் சொன்னதற்கான சுருக்கெழுத்துக் கோடு அதில் இல்லை. அன்று அவர் உதடு அசைந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆனால் காதில் விழாததை எழுதக் கூடாது.

ரெஜினா பென்சிலை எடுத்துக்கொண்டாள். அந்நாளைய சபாநாயகரின் நிதானத்திலேயே வாசித்தாள்: "ஆம் என்போர் ஆம் என்க. இல்லை என்போர் இல்லை என்க."

பென்சில் முனையைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள்.

அங்கமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.