கத்தக் கூடாத நேரம்

"அக்கா, கத்த மாட்டேன்னு முதல்ல சொல்லு."

"பேசாம மூச்சை எண்ணுடா," என்று கிசுகிசுத்தாள் அக்கா.

அவள் விலங்கு மருத்துவர். தம்பி அவளுக்கு உதவியாள். இருவருக்கும் நடுவே, மயக்க ஊசி பட்ட கழுதைப்புலி ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணில் களிம்பு தடவி, துணியால் கட்டியிருந்தார்கள். ஆனால் காது கேட்கும். யாராவது உரக்கக் கத்தினால் விழித்துக்கொள்ளும். எலும்பையே நொறுக்கும் தாடை அது.

அதனால்தான் தம்பி இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். வீட்டில் சொன்னால் அக்காவின் குரல் தெருக்கோடி வரைக்கும் போகும்.

"மூச்சு சீரா இருக்கு. அப்புறம்... நான் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

அக்காவின் வாய் ஆவென்று திறந்தது. கழுதைப்புலியின் காது துடித்தது. அக்காவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

"யாரைடா?"

"நாம எடுக்கிற ரத்தத்தை டெஸ்ட் பண்ற லேப் பொண்ணு."

"மூத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உனக்கென்ன அவசரம்?"

"வர்ற மாப்பிள்ளையை எல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லைன்னு நீ தட்டிக் கழிச்சா, நான் தலை நரைச்ச பிறகா கட்டிக்கிறது?"

அக்கா பல்லைக் கடித்தபடி தெர்மாமீட்டரைப் பார்த்தாள். "இதுக்குச் சூடு ஏறலை. எனக்குத்தான் ஏறுது. எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்?"

"பாலத்துக்குப் பக்கத்துல இருக்கே, அதான்."

"அங்கேயா? கிளார்க் ஏதாவது சொன்னாரா?"

"அப்பா பேரைப் பார்த்துட்டு ஒரு மாதிரி சிரிச்சாரு. ஏன்?"

"ஒண்ணுமில்லை. நகரு, மாத்து ஊசி போடணும்."

மயக்கம் தெளியும் ஊசியைப் போட்டுவிட்டு இருவரும் ஜீப் பக்கம் ஒதுங்கினார்கள். கதவைத் திறந்துவைத்து டிரைவர் காத்திருந்தார். கழுதைப்புலி தள்ளாடி எழுந்தது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் புதருக்குள் போய் மறைந்தது.

இனி அக்காவைத் தடுக்க எதுவும் இல்லை. தம்பி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.

சத்தமே வரவில்லை. மெல்ல ஒரு கையை எடுத்தான். "என்னக்கா, திட்டலையா?"

"முதல்ல நீ போய் அம்மாகிட்ட சொல்லு. அவங்க அழுது முடிச்சுத் தெளியட்டும். அப்புறம் என் கல்யாணத்தை நான் சொல்லிக்கிறேன்."

"உன் கல்யாணமா? எப்போ? யாரோட?"

அதுவரை அவனை 'சார்' என்று மட்டுமே கூப்பிட்டு வந்த டிரைவர், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"ஏறுங்க, மச்சான்."