இடது காது மட்டும்

ஜவுளிக்கடை வேலையாட்களின் உட்காதில், உடம்பை விழாமல் நிறுத்தும் அரைவட்டக் குழல்களில், முதலாளியின் பூட்டு உண்டு. கடை சாத்துமுன் வாசல் தாண்டினால் பூட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேரும்போது இரண்டு காதையும் கேட்டார்கள். தளவாய் பேரம் பேசி இடதோடு முடித்திருந்தான்.

வெளியே நடைபாதையில் அவன் மகள் முதன்முதலாக நடந்தாள்.

“என்னங்க, ஓடி வாங்க!” என்றாள் மனைவி செண்பகவல்லி.

வாசல் தாண்டி ஓடினான். தெரு சுழன்றது. குப்புற விழுந்தான்.

கல்லாவிலிருந்து முதலாளி சிரித்தார். “ஒரு காது நில்லுங்குது, மறு காது போங்குது. சுத்தாம என்னடா செய்யும்? வலதையும் குடுத்துரு. சுத்தாது, வெளிய கால் எழும்பாது, அவ்வளவுதான்.”

“குடுக்கேன் முதலாளி. பாப்பா உள்ள வந்து நடக்கலாமா?”

“தாராளமா. அவ காதுக்கும் இப்பவே அளவெடுத்துருவோம்.”

“தூக்கிட்டு ஓடுடி!” என்று கத்தினான் தளவாய்.