இருநூற்றுப் பன்னிரண்டு வருகைகள்

"இந்தக் காலத்தில் நூலகத்துக்குள் கால்வைப்பவன் காட்டுமிராண்டி" என்று அறிவித்தான் தமிழ்வாணன்.

கல்லூரி நூலக வாசலில் ஒட்டியிருந்த கியூஆர் கோடைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்தே தினமும் ஸ்கேன் செய்து வருகை பதிந்தான்.

அதிக முறை வந்தவன் என்று அவனுக்கே பரிசு கிடைத்தது: விடுமுறைக்குப் பத்துப் புத்தகம் எடுத்துப்போகும் அட்டை.

வகுப்புத் தோழி கனகா கைதட்டினாள். "தெனிக்கும் அங்கதான் படிச்சிக்கினு கீறேன். உன்னிய ஒருநாளும் பாத்ததில்லியே?"

"மூலையில குந்துவேன். உனுக்கு எத்தினி?"

"சைபர். என்னுது பட்டன் போன்தான, ஸ்கேன் ஆவாது. அந்த அட்டை கெடச்சிருந்தா, லீவுல குரூப் ஃபோருக்குப் படிச்சிருப்பேன்."

அன்று அவன் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

மறுநாள் நூலகத்துக்குள் நுழைந்து, நூலகரிடம் பரிசு அட்டையை நீட்டி மெதுவாகக் கேட்டான்:

"சார், குரூப் ஃபோர் புக்கெல்லாம் எந்தப் பக்கம் கீது?"